முன்பருவக் கல்வியும் அரசு உதவியும்: புதியம்புத்தூர் வட்டாரத்தை முன்வைத்து

பள்ளியில் சேர்வதற்கு முன்பு குழந்தைகள் விளையாட்டு, பாட்டு, கதை, பேச்சு ஆகியவற்றின் வழியாகப் பெறும் கல்வி முன்பருவக் கல்வி எனப்படும். தமிழ்நாட்டில் அரசு இதனைப் பெரும்பாலும் அங்கன்வாடி மையங்கள் மூலம் வழங்குகிறது. ‘அங்கன்’ என்றால் இந்தியில் முற்றம் என்று பொருள். ஊர்ப்புறத்து மக்கள் இன்றும் இதனைப் ‘பால்வாடி’ என்றே அழைக்கின்றனர். இங்கே கட்டணம் கிடையாது, மதிய உணவும் உண்டு. ஆனாலும் எல்லாக் குடும்பங்களும் குழந்தைகளை இங்கே அனுப்புவதில்லை. அதற்குரிய காரணங்களையும், அரசு செய்துவரும் உதவிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஊரும் தொழிலும்

புதியம்புத்தூர், தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டத்தைச் சேர்ந்த ஊராகும். ஆயத்த ஆடை தைக்கும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. சுற்றிலும் மானாவாரிக் கரிசல் நிலம். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு, கார்த்திகை, மார்கழியில் களையெடுப்பு, தை, மாசியில் அறுவடை என்று வேலை மழையைப் பின்தொடர்ந்து வரும். வடக்கே கோவில்பட்டிப் பகுதியில் தீப்பெட்டித் தொழில் நடைபெறுகிறது.

இந்த மூன்று தொழில்களிலும் பெண்களின் உழைப்பு அதிகம். தையலிலும் தீப்பெட்டி வேலையிலும் முடித்த உருப்படிக்கு ஏற்பக் கூலி கிடைப்பதே பெரும்பாலும் வழக்கம். எனவே குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொரு மணி நேரமும் தாயின் வருமானத்தைக் குறைக்கிறது. வீட்டில் பாட்டி இல்லையென்றால், மூத்த பெண் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நேரும். ஆகவே பால்வாடி ஒரே நேரத்தில் மூவருக்கு உதவுகிறது: சிறு குழந்தைக்குக் கல்வி, அக்காவுக்குப் பள்ளி, அம்மாவுக்கு வேலை.

திட்டங்கள் வளர்ந்த வரலாறு

உணவு கொடுத்தால் ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள் என்ற எண்ணம் இந்தக் கரிசல் மண்ணில்தான் செயலுக்கு வந்தது. முதலமைச்சர் காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். அது பள்ளிப் பிள்ளைகளுக்கான திட்டம். பள்ளிக்கு முந்தைய வயதினருக்கான திட்டங்கள் பின்னர் வந்தன.

- 1975 அக்டோபர் 2: மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தை நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கியது. இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவப் பரிந்துரை, முன்பருவக் கல்வி, தாய்மார்களுக்கான சத்துணவு நலக் கல்வி ஆகிய ஆறு பணிகள் இதில் அடங்கும்.
- 1980: உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டம் தொடங்கியது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை குறைந்தவர்களுக்கு உணவு கொடுக்கும் முறை இதன் சிறப்பு.
- 1982 ஜூலை 1: முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளோடு, இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ளவர்களுக்கும் குழந்தைகள் மையங்களில் சூடான மதிய உணவு கிடைத்தது.

இன்று தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. இவற்றுள் குறு மையங்களும் அடங்கும். 150 முதல் 400 பேர் வரை வாழும் சிறிய குடியிருப்புகளுக்குக் குறு மையம் என்பது விதி. வீடுகள் தள்ளித் தள்ளி அமைந்த கரிசல் சிற்றூர்களுக்கு இது முக்கியம். மூன்று வயதுக் குழந்தை பக்கத்து ஊருக்கு நடந்து போகாது; கொண்டுபோய் விட்டுவர ஓர் ஆளின் நேரம் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ளவர்களுக்குக் கல்வி அடிப்படை உரிமை. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அப்படி இல்லை. 2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியலமைப்புத் திருத்தத்திற்குப் பின், அரசு அவர்களுக்குப் பராமரிப்பும் கல்வியும் வழங்க ‘முயல வேண்டும்’ என்று மட்டுமே 45ஆம் பிரிவு கூறுகிறது. முயற்சி போதாதென்று கூறி நீதிமன்றத்தில் இதனை உரிமையாகக் கேட்க முடியாது.

ஆனால் உணவைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 2006 டிசம்பர் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த ஆணையின்படி, ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பில் மையம் இல்லையென்றால் மக்கள் கோரலாம்; கோரிய மூன்று மாதங்களுக்குள் மையம் அமைக்கப்பட வேண்டும். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ளவர்களுக்கு அங்கன்வாடி உணவைச் சட்ட உரிமை ஆக்கியது.

உணவா, படிப்பா?

சாப்பாட்டுக்காகப் பால்வாடி, படிப்புக்காக ஆங்கிலப் பள்ளி என்று பெற்றோர் பலர் பிரித்துப் பார்க்கின்றனர். கையில் சிறிது காசு சேர்ந்ததும் குழந்தையை எல்.கே.ஜி.யில் சேர்த்துவிடுகின்றனர். இதற்கு அரசு இரண்டு வழிகளில் விடை தேடியது.

முதல் வழி, தனியார் பள்ளிக் கட்டணத்தை அரசே ஏற்பது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். எல்.கே.ஜி. உள்ள பள்ளிகளில் அந்த வகுப்பிலேயே சேரலாம்.

இரண்டாம் வழி, அரசு மையத்தையே மேம்படுத்துவது. 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. 2022இல் இவை நிறுத்தப்படும் என்ற செய்தி வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. அதன்பின் வகுப்புகள் தொடரும் என்று அரசு அறிவித்தது.

மையத்தில் படிப்பு நடக்கிறதா என்பது நியாயமான கேள்விதான். ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் உள்ளது. ஆனால் எடை போடுவதும், பதிவேடு எழுதுவதும், வீடு வீடாகச் செல்வதும், பாடம் நடத்துவதும் ஒரே பணியாளரின் பொறுப்பு. தமிழ்நாட்டின் 320 மையங்களில் நடந்த ஓர் ஆய்வில், சில மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். அந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. பதினெட்டு மாதங்களில் குழந்தைகளின் கணக்கும் மொழியும் முன்னேறின. ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தது. பழைய பணியாளருக்கு உணவு, உடல்நலப் பணிகளுக்கு நேரம் கிடைத்ததே இதற்குக் காரணம்.

இன்னும் நிரம்பாத இடைவெளி: நேரம்

மையம் பிற்பகலில் முடிந்துவிடும். தையல் வேலையும் தீப்பெட்டி வேலையும் அதற்குப் பின்னும் நீளும். களையெடுப்புக்குச் செல்பவர் மையம் திறக்கும் முன்பே காட்டுக்குப் போய்விடுவார். மிகச் சிறிய குழந்தைக்குச் சத்துமாவு வீட்டுக்குக் கிடைக்குமே தவிர, பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காது.

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. வீட்டில் தைப்பவர், பத்துப் பேர் வேலை செய்யும் சிறு கூடத்தில் இருப்பவர், காட்டு வேலைக்குப் போகிறவர் ஆகிய எவருக்கும் இது பொருந்தாது. அங்கன்வாடியோடு காப்பகத்தை இணைக்கும் ‘பால்னா’ திட்டம் 2022இல் மத்திய அரசின் மிஷன் சக்தியின் கீழ் வந்தது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அது உரியது. புதியம்புத்தூர் போன்ற ஊர்களுக்குத் தேவைப்படுவது இவ்வகை உதவியே.

குடும்பங்கள் செய்யக்கூடியவை

- பக்கத்து அங்கன்வாடியில் குழந்தையின் பெயரைப் பதிவு செய்யலாம். கருவுற்ற தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் பதிவு செய்து சத்துமாவு பெறலாம்.
- மாதந்தோறும் எடை போடும்போது வளர்ச்சி அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.
- ஊரில் மையம் இல்லையென்றால், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பட்டியலுடன் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு மனுக் கொடுக்கலாம்.
- மையத்தின் நேரம், கட்டடம், குடிநீர் பற்றிய குறைகளைக் கிராம சபையில் தீர்மானமாக்கலாம்.

கட்டணத்தை நீக்கியதும் உணவு கொடுத்ததும் குழந்தைகளை மையத்தின் வாசல்வரை கொண்டுவந்தன. அவர்கள் அங்கே தொடர்ந்து இருப்பதற்குக் கற்பிக்கும் ஆளும், தாயின் வேலை நேரத்துக்கு ஏற்றபடி திறந்திருக்கும் கதவும் வேண்டும்.