சிடி தொலைந்த பழைய வெப்கேமராவும் வேலை செய்யும்

நமது டிரஸ்டுக்கு நன்கொடையாக வரும் கம்ப்யூட்டர்களோடு பழைய வெப்கேமராக்களும் வருகின்றன. அவற்றின் சிடி யாரிடமும் இருப்பதில்லை. விண்டோஸ் 10-ல் செருகிப் படம் வராவிட்டால் குப்பை என்று ஒதுக்குகிறார்கள். அது வீண்விரயம். விடியுமுன் ஜீப் ஏறிப் பூப்பாறை ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தாய்மாரோடு வீட்டின் ஒரே போனும் மலையேறிவிடுகிறது. ஆன்லைன் வகுப்புக்கும் நேர்காணலுக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கேமராதான் கதி.

விஸ்டா சான்று முத்திரை உள்ளவை பெரும்பாலும் யுவிசி என்ற பொது முறையில் இயங்குபவை, செருகினாலே போதும். அதற்கு முந்தியவைதான் பிடிவாதம் பிடிக்கும். ஒவ்வொரு கம்பெனியும் தன் சிப்புக்குத் தனி டிரைவர் கொடுத்துவிட்டுப் பிறகு கைவிட்டது. மிஷேல் க்ஸார் என்ற பிரெஞ்சு மருத்துவர் தம் ஓய்வு நேரத்தில் 200-க்கும் மேற்பட்ட கேமராக்களுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதினார். ஜிஎஸ்பிசிஏ எனப்படும் அது 2008 முதல் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே உபுண்டுவையோ, சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையோ பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்குங்கள். 'இன்ஸ்டால்' மட்டும் கொடுக்காதீர்கள். விண்டோஸ் அப்படியே இருக்கும். கேமரா செயலியைத் திறந்தால் முகம் தெரியும். மங்கலாக இருந்தால் லென்ஸ் வளையத்தைத் திருப்புங்கள். பழைய கேமராக்களில் கையால்தான் சரிசெய்ய வேண்டும். பெட்டியில் உள்ள பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரே பெயரில் வெவ்வேறு சிப் வைத்து விற்றிருக்கிறார்கள்.

'இலவச டிரைவர்' என்று அழைக்கும் தளங்களின் பக்கம் போகவே வேண்டாம், வைரஸ் வரும்.

பென்டிரைவ் நம் அலுவலகத்தில் தயாராக உள்ளது. ஜும்ஆவுக்குப் பின் கேமராவோடு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், செருகிப் பார்ப்போம்.