பாறைகள் தரும் பதில்

'பூமியின் காலநிலை எக்காலத்திலும் மாறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. இன்றைய வெப்ப உயர்வும் அத்தகைய ஒரு சுழற்சியே' என்று வாதிடுவோர் படித்தவர்களிடையேயும் உண்டு. மானாவாரிக் கேழ்வரகை நம்பி உழவர் வாழும் நாட்றாம்பாளையத்தில் வசிக்கும் என்னால் அந்த வாதத்தை எளிதில் புறந்தள்ள இயலவில்லை. மழையின் தடுமாற்றம் தானே சரியாகும் சுழற்சியா, திரும்பிவராத மாற்றமா என்பதைப் பொறுத்தே இவர்களின் எதிர்காலம் அமையும்.

ஏற்ற இறக்கத்தையும் நீண்டகாலப் போக்கையும் பிரித்தறிவது பொருளியலின் அடிப்படைப் பாடம். அதற்கு நீண்டதொரு தரவு வரிசை வேண்டும். நம் நாட்டின் மழைமானிப் பதிவுகளோ ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கே உள்ளன. அதற்கு முந்தைய கணக்கைக் கடலடிப் படிவுகள் வைத்திருக்கின்றன.

கிருஷ்ணகிரி மலைகளின் பாறைகள் மிகத் தொன்மையானவை; ஆனால் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருவானவை என்பதால் அவற்றில் மழைக்கணக்கு இல்லை. எங்கள் பகுதியைக் கடந்து செல்லும் காவிரியின் கீழ்ப்பகுதியில், அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் நிலைமை வேறு. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. காரையின் களிமண் ஓடைகளிலும், கல்லக்குடியின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் அக்கடலின் படிவுகளை அடுக்கடுக்காகக் காணலாம். 1862-இல் இப்பாறைகளைப் பற்றி விரிவாக எழுதிய ஹென்றி பிளான்ஃபோர்டுதான், 1875-இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரும் ஆவார்.

கடலடிப் படிவுகள் காலநிலையைப் பதிவு செய்யும் முறை எளியது. மழை மிகுந்த காலத்தில் ஆறுகள் அதிகக் களிமண்ணைக் கடலில் சேர்க்கும். மழை குறைந்தால் களிமண் குறைந்து, கடலுயிர்களின் ஓடுகளாலான சுண்ணாம்பு மேலோங்கும். இவ்வாறு மாறிமாறி அமையும் அடுக்குகளுக்குப் பூமியின் இயக்கமும் ஒரு காரணம். பூமியின் அச்சு, பம்பரம்போல் தலைசுற்றுவதால் உண்டாகும் காலநிலைச் சுழற்சியின் கால அளவு சுமார் 20 ஆயிரம் ஆண்டுகள். அச்சின் சாய்வு மாறும் சுழற்சி 41 ஆயிரம் ஆண்டுகள். சுற்றுப்பாதையின் நீள்வட்டம் மாறும் சுழற்சி சுமார் ஒரு லட்சம் ஆண்டுகள். கடல்மட்ட மாற்றமும் அடுக்குகளை உண்டாக்கும் என்பதால், எல்லா அடுக்குகளுக்கும் வானியலே காரணம் எனக் கொள்ள முடியாது. ஐந்தைந்து சிற்றடுக்குகள் ஒரு பேரடுக்காகத் திரண்டிருந்தால், 20 ஆயிரத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் உள்ள விகிதம் அங்கே தென்படுகிறது என ஆய்வாளர் ஐயுறுவர். பின்னர் கணித முறையில் சோதிப்பர்.

அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் 1895-இலேயே இதை ஊகித்தார். செர்பிய அறிஞர் மிலன்கோவிச் அதற்குரிய கணக்கை வகுத்தார். இந்துமாக் கடலின் தென்பகுதியில் எடுத்த படிவுகளைக் கொண்டு ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கல்டன் ஆகியோர் 1976-இல் அதற்கு வலுவான சான்று அளித்தனர்.

ஆக, சுழற்சிகள் உண்மையே. ஆனால் அவை பல்லாயிரம் ஆண்டு நிதானத்தில் நகர்பவை. அந்தக் கணக்கின்படி, கடந்த சுமார் 10 ஆயிரம் ஆண்டுகளாக வடகோளத்தின் கோடைக்கால வெயில் மெல்லக் குறைந்தே வருகிறது. பூமி வெப்பமடைவதற்கு அச்சுழற்சியைக் காரணம் காட்ட இயலாது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280-ஆக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இது சுழற்சியன்று; நாம் உண்டாக்கிய போக்கு.

இச்சான்றின் ஒரு பகுதியை நாமே சூளையில் இடுகிறோம். தூய சுண்ணாம்புக்கல் ஒரு டன்னைச் சுட்டால், எரிபொருள் புகை நீங்கலாகவே 440 கிலோ கரியமில வாயு வெளியேறும். பழங்கடல் கல்லுக்குள் பூட்டி வைத்த கரி அது. ஓசூர் வட்டாரம்போல் வளரும் நகரங்களுக்கு சிமென்ட் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், வெட்டப்படும் கல்லின் விலையில், அழியும் பதிவேட்டின் மதிப்பு சேர்வதில்லை. புவியியல் பாரம்பரிய இடங்களைக் காக்க மத்திய அரசு 2022-இல் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. சட்டத்துக்காகக் காத்திராமல், குத்தகை முடியும் சுரங்கங்களில் அடுக்குகள் தெளிவாகத் தெரியும் சில செங்குத்துச் சுவர்களையேனும் மாநில அரசு விட்டுவைக்கச் செய்யலாம். சமன்செய்து மூடிவிட்டால் அப்பதிவேட்டை மீண்டும் படிக்க வழியில்லை.