வயல்காட்டு சாம்பியன்கள்

மிலானுக்கும் டூரினுக்கும் நடுவே, நெல்வயல்கள் சூழ்ந்த சிறு நகரம் வெர்செல்லி. ஒரு காலத்தில் அந்த இரு பெருநகரங்களையும் கால்பந்தில் கதிகலங்க வைத்த ஊர். 1892இல் உடற்பயிற்சிக் கழகமாகத் தொடங்கிய ப்ரோ வெர்செல்லி, 1908க்கும் 1922க்கும் இடையே ஏழு முறை இத்தாலிய சாம்பியன். 1913 மே மாதம் பெல்ஜியத்தை வென்ற தேசிய அணியில் ஒன்பது பேர் இந்த கிளப்காரர்கள்தான்.

ரோஷமும் அதிகம். 1910 இறுதிப் போட்டியின்போது சில ஆட்டக்காரர்கள் ராணுவப் போட்டிக்குப் போகவேண்டியிருந்தது. தேதியை மாற்றக் கேட்டார்கள். இன்டர் மிலான் மசியவில்லை. கொதித்துப்போன வெர்செல்லி களமிறக்கியது சிறுவர்களை! 10-3 என்று தோல்வி. அந்தக் கோபம் மட்டும் இல்லாதிருந்தால், தொடர்ந்து ஆறு பட்டங்கள் கிடைத்திருக்கலாம்.

பிறகு ஆட்டத்தில் பணம் புகுந்தது. உள்ளூர்ப் பையன்களை நம்பிய கிளப்பால் ஈடுகொடுக்க முடியவில்லை. இங்கே வளர்ந்த சில்வியோ பியோலா 1934இல் லாட்சியோவுக்குப் போனார். முதல் டிவிஷனில் அவர் அடித்த 274 கோல்களை இன்னும் யாரும் எட்டவில்லை. அவர் போன மறு வருடமே வெர்செல்லி முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. அதோடு சரி. 64 வருடங்கள் கழித்து 2012இல் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியவர்கள், 2018இல் மறுபடி மூன்றாவதில். ஆடுவதென்னவோ பியோலாவின் பெயர் தாங்கிய ஸ்டேடியத்தில்தான்.