மார்கழி வாடையில் கடலுக்கு போறவங்க என்ன போடணும்? மூணு துணி கணக்கு இதுதான்!

ராயபுரம்:

மார்கழி பிறந்துவிட்டால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் மின்விசிறி வேகம் தானாக குறையும். அதிகாலை டீக்கடையில் மங்கி குல்லாவும் மப்ளருமாக ஆட்கள் நிற்பார்கள். ஆனால் அதே நேரத்தில் ஃபைபர் படகில் கடலுக்கு போகிறவர்கள் பலர் உடம்பில் இருப்பது ஒரு பனியன், ஒரு சட்டை, ஒரு லுங்கி, தலையில் ஒரு துண்டு. அவ்வளவுதான்.

"கடல்ல பொறந்தவனுக்கு குளிர் என்னா பண்ணும்?" என்பது குப்பங்களில் சகஜமாக கேட்கிற பேச்சு.

குளிர் பண்ணும். சும்மா நடுங்க வைத்துவிட்டு போகாது. கை மரத்துப்போனால் கயிறு நழுவும். வின்ச் பக்கத்தில் நிற்கிற ஆள் ஒரு நொடி தடுமாறினால் விரல் போகும். இருட்டில் கால் வழுக்கினால் ஆளே கடலுக்குள் போய்விடலாம்.

குளிர் பிரதேசங்களில் மான் வேட்டைக்கு போகிறவர்கள் துணியை மூன்று அடுக்காக போடுவது வழக்கம். நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஆனால் வடசென்னையில் நடக்கும் கடல் வேட்டைக்கும் அந்த மூன்று அடுக்கு கணக்கு அப்படியே பொருந்தும். பெரிய செலவும் இல்லை.

20 டிகிரியில் நடுக்கம் ஏன்?

சென்னை ஒன்றும் ஊட்டி இல்லை. நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ்தான். அதுவும் 1895-ம் ஆண்டு டிசம்பரிலும், 1905-ம் ஆண்டு ஜனவரியிலும் பதிவானது. மற்றபடி டிசம்பர், ஜனவரி இரவுகளில் 20, 21 டிகிரி என்பதுதான் வழக்கம். கரையில் நிற்கும்போது இது இதமான குளிர்.

கடலில் கதை வேறு. அங்கே மூன்று விஷயம் ஒன்றாக சேர்கிறது. வடக்கே இருந்து அடிக்கிற வாடை காற்று, அலை தெறித்து நனைகிற துணி, மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது. காற்றைவிட தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தை கடத்தும். நனைந்த சட்டையில் காற்று பட்டால் ஈரம் ஆவியாகும். 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் தேவை. அதில் ஒரு பங்கு நம் உடம்பில் இருந்துதான் போகிறது. மண்பானை தண்ணீர் ஜில்லென்று ஆவது எப்படியோ, ஈர சட்டை போட்ட உடம்பு குளிர்வதும் அப்படித்தான்.

ஆக, கடலில் எதிரி குளிர் மட்டும் இல்லை. ஈரமும் காற்றும்தான் முதல் எதிரி. எத்தனை துணி போட்டோம் என்பதைவிட எந்த துணியை எங்கே போட்டோம் என்பதுதான் முக்கியம்.

முதல் துணி: ஃபுட்பால் ஜெர்சி

உடம்பை ஒட்டி இருக்கிற துணியின் வேலை வியர்வையை தோலில் தங்கவிடாமல் வெளியே தள்ளுவது. இங்கேதான் பலரும் தப்பு செய்கிறார்கள். காட்டன் பனியன் வெயிலுக்கு ராஜா. ஆனால் நனைந்தால் தண்ணீரை பிடித்து வைத்துக்கொள்ளும். காய நேரமாகும். உடம்பிலேயே ஈரமாக ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும்.

சாதாரண நிலையில் காட்டன் தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தை உள்ளே இழுத்து வைத்திருக்கும். பாலியஸ்டர் இழுப்பது வெறும் 0.4 சதவீதம். அதனால் பாலியஸ்டர் சீக்கிரம் காய்ந்துவிடும். வடசென்னையில் ஃபுட்பால் ஜெர்சி இல்லாத வீடு குறைவு. உடம்பை ஒட்டினாற்போல் இருக்கிற ஒரு பழைய ஜெர்சியே போதும். முழுக்கை என்றால் இன்னும் நல்லது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பாலியஸ்டர் நெருப்பு பட்டால் உருகி தோலில் ஒட்டிக்கொள்ளும். படகில் அடுப்பு பற்ற வைக்கிறவர்கள், சூடான இன்ஜின் பக்கத்தில் வேலை பார்க்கிறவர்கள், பட்டறையில் வெல்டிங் அடிக்கிறவர்கள் இதை போடக்கூடாது. அந்த வேலை நேரத்தில் காட்டன்தான் பாதுகாப்பு. வேலை முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

நடு துணி: கம்பளி சுவெட்டர்

இரண்டாவது துணியின் வேலை சூட்டை பிடித்து வைப்பது. உண்மையில் சூட்டை காப்பது துணி இல்லை. துணியின் இழைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும் காற்றுதான். அதனால்தான் புசுபுசுவென்று இருக்கும் கம்பளியும், ஃபிளீஸ் துணியும் இதற்கு ஏற்றவை. கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு கொடுக்கும். ஃபிளீஸை பிழிந்து உதறினால் சீக்கிரம் காயும்.

காட்டன் ஸ்வெட்ஷர்ட் பார்க்க கனமாக இருக்கும். நனைந்தால் கல் மாதிரி கனக்கும். கடலுக்கு அது வேண்டாம்.

ரொம்ப இறுக்கமாகவும் போடக்கூடாது. இறுக்கினால் உள்ளே காற்று நிற்க இடம் இருக்காது. ஒரே தடித்த சுவெட்டரைவிட மெலிசாக இரண்டு போட்டால், சூடு ஏறும்போது ஒன்றை கழட்டலாம்.

மேல் துணி: ரெயின்கோட்

மூன்றாவது துணியின் வேலை காற்றையும் தண்ணீரையும் தடுப்பது. இது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வீண். சுவெட்டர் மட்டும் போட்டால் வாடை காற்று ஓட்டை வழியாக நேராக நெஞ்சுக்கு வந்துவிடும்.

சட்டையும் பேண்ட்டுமாக வரும் ரெயின்கோட் செட்டை வாங்குவதுதான் நல்லது. கையில் எலாஸ்டிக், தலையில் தொப்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீளமான அங்கி மாதிரி ரெயின்கோட் படகுக்கு ஆகாது. காற்றில் பறந்து கயிற்றிலும் வின்ச்சிலும் சிக்கும். லுங்கிக்கும் இதே ஆபத்து உண்டு. உள்ளே பாலியஸ்டர் ஷார்ட்ஸ் அல்லது டிராக் பேண்ட், அதற்கு மேல் ரெயின்கோட் பேண்ட் என்பதே சரி.

பிளாஸ்டிக் ரெயின்கோட்டில் ஒரு குறை உண்டு. வெளி தண்ணீர் உள்ளே வராது என்பது போலவே உள்ளே இருக்கிற வியர்வையும் வெளியே போகாது. அதனால் வலை இழுக்க ஆரம்பிக்கும் முன்பே நடு துணியை கழட்டி காய்ந்த இடத்தில் வைத்துவிட வேண்டும். வேலை முடிந்து உடம்பு ஆறும் முன் மறுபடி போட வேண்டும். குளிர ஆரம்பித்த பிறகு போடுவது லேட். வியர்த்த பிறகு கழட்டுவதும் லேட். இன்ஜின் அறை வெக்கையில் இருந்து மேலே வருகிற டிரைவர்கள் இதை மறக்கக்கூடாது.

எல்லாத்துக்கும் மேலே லைப் ஜாக்கெட்

லைப் ஜாக்கெட் எப்போதும் கடைசி துணி. ரெயின்கோட்டுக்கு உள்ளே போடக்கூடாது. சுவெட்டரும் ரெயின்கோட்டும் போட்ட பிறகு வார் எட்டுகிறதா என்று கரையிலேயே போட்டு பார்க்க வேண்டும். "டைட்டா இருக்கு" என்று கழட்டி மூலையில் வைக்கும் லைப் ஜாக்கெட் யாரையும் காப்பாற்றாது.

நிறமும் முக்கியம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு போகிறவர்கள் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆளை ஆள் சுட்டுவிடக்கூடாது என்பதற்காக. கடலில் அதே ஆரஞ்சு, தேடுகிற ஆள் கண்ணில் படுவதற்காக. கறுப்பு, நீல நிற ரெயின்கோட் அலைக்கு நடுவே தெரியவே தெரியாது.

தலை, கை, கால்

உடம்பு சூட்டில் பாதி தலை வழியாக போகிறது என்று பலரும் சொல்வது உண்மை இல்லை. உடம்பின் பரப்பில் தலை சுமார் 10-ல் 1 பங்கு. சூடு போவதும் ஏறக்குறைய அந்த அளவில்தான். ஆனால் மற்ற இடமெல்லாம் மூடிவிட்டு தலையை மட்டும் திறந்து வைத்தால் அந்த 1 பங்கும் நஷ்டம்தான். கம்பளி குல்லா நல்லது. ஈர துண்டை தலையில் கட்டிக்கொண்டே இருப்பது கெடுதல்.

ஐஸ் அறையில் மீனுக்கு ஐஸ் தட்டுகிறவர்கள் உள்ளே மெல்லிய கம்பளி கையுறை, வெளியே ரப்பர் கையுறை என்று போட்டால் விரல் மரக்காது. கம்பூட்ஸ் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். தண்ணீரில் விழுந்தால் உதறிவிட வேண்டும். அது நிரம்பினால் நீந்தவும் படகில் ஏறவும் சிரமம்.

மாற்று துணி மூட்டை

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் நனைவது நிச்சயம். அதனால் ஒரு செட் காய்ந்த துணி, ஒரு துண்டு, ஒரு போர்வை ஆகியவற்றை தடித்த பிளாஸ்டிக் பையில் இறுக்கி கட்டி, மூடி போட்ட டிரம்மில் வைக்க வேண்டும். வலை ஏற்றி முடித்து கரைக்கு திரும்பும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் அதிகம் குளிரும். உடம்பு களைத்திருக்கும், படகு வேகத்தில் காற்று முகத்தில் அறையும். திரும்பும் முன் உள் துணியை மாற்றிவிட்டால் பாதி பிரச்சினை தீர்ந்தது.

ஒரு கட்டிங் போட்டால் சூடு வருமா?

வராது. மது குடித்தால் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாய்கள் விரியும். அதனால் சூடு ஏறியது போல் தெரியும். உண்மையில் உள்ளே இருக்க வேண்டிய சூடு வெளியே ஓடுகிறது. நிதானமும் போகிறது. பிளாஸ்கில் சர்க்கரை தூக்கலாக டீ, கூடவே வயிறு நிறைய சாப்பாடு. குளிருக்கு இதுதான் மருந்து.

இந்த அறிகுறியை விடாதீங்க

மனித உடம்பின் உள் வெப்பம் சுமார் 37 டிகிரி. அது 35 டிகிரிக்கு கீழே போனால் ஆபத்து. அதற்கு பனி கொட்ட வேண்டியது இல்லை. நம் கடல் தண்ணீர் மார்கழியில் 26 டிகிரி அளவில் இருந்தாலும், மணிக்கணக்கில் மிதந்தால் உடம்பு சூடு இறங்கிக்கொண்டே போகும்.

முதலில் கட்டுப்படுத்த முடியாத நடுக்கம். அடுத்து நாக்கு குழறும், முடிச்சு போட வராது, பேச்சு தடுமாறும். கூட இருப்பவர்கள் "போதையில் இருக்கான்" என்று நினைத்துவிடுவது உண்டு. ஆள் இன்னும் ஜில்லென்று இருக்கும்போதே நடுக்கம் நின்றுவிட்டால் "சரியாயிடுச்சு" என்று விடக்கூடாது. அதுதான் மோசமான கட்டம்.

உடனே காற்று படாத இடத்துக்கு கொண்டுபோய் ஈர துணியை கழட்டி, துடைத்து, போர்வையால் சுற்ற வேண்டும். நெஞ்சு, வயிறு பகுதியை முதலில் சூடாக்க வேண்டும். கை, காலை பரபரவென்று தேய்க்கக்கூடாது. நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம்.

கடலில் விழுந்தவர் துணியை கழட்டக்கூடாது. துணிக்குள் நிற்கும் தண்ணீர் உடம்பு சூட்டில் கொஞ்சம் வெதுவெதுப்பாகி பாதுகாப்பு தரும். லைப் ஜாக்கெட் போட்டிருந்தால் முழங்காலை நெஞ்சோடு சேர்த்து சுருண்டு மிதப்பது நல்லது.

கரையில் இருப்பவர்களுக்கும் இதே கணக்கு

எண்ணூர் முகத்துவாரத்திலும் கொசஸ்தலை ஆற்றிலும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவி பிடிப்பவர்களுக்கு அடுக்கு துணி உதவாது. அவர்கள் உடம்பை ஒட்டிய பாலியஸ்டர் முழுக்கை சட்டை போடலாம். இடையிடையே கரை ஏறி துடைத்து, காற்று படாமல் மூடிக்கொள்ள வேண்டும்.

விடியும் முன்பே காசிமேடு மார்க்கெட்டுக்கு வரும் பெண்கள் கூடையில் இருந்து ஐஸ் தண்ணீர் தோளில் சொட்டச் சொட்ட நிற்கிறார்கள். சேலைக்கு மேல் ஒரு ரெயின்கோட் சட்டை, காலுக்கு கம்பூட்ஸ் இருந்தாலே உடம்பு நனையாது. முதல் ஷிப்டுக்கு எண்ணூர், மணலி பக்கம் பைக்கில் போகிறவர்கள் சுவெட்டருக்கு மேல் ஒரு விண்ட்சீட்டர் மாட்டினால் போதும்.

புது துணிதான் வேண்டும் என்றால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு நடை போனால் ஜெர்சி, டிராக் பேண்ட் எல்லாம் கிடைக்கும். வாங்கும்போது லேபிளை பார்த்து "காட்டன்" என்று இருந்தால் அதை வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். கடலுக்கு வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மார்கழியை ஒட்டிய டிசம்பர்தான் புயல் மாதமும். 2016-ல் வர்தா, 2022-ல் மாண்டஸ், 2023-ல் மிக்ஜாம் மூன்றுமே சென்னையை டிசம்பரில்தான் உலுக்கின. வானிலை மையம் போக வேண்டாம் என்று சொன்ன நாளில் எத்தனை துணி போட்டாலும் பிரயோஜனம் இல்லை. கடலில் ஆபத்து என்றால் கடலோர காவல் படையின் இலவச எண் 1554, கடலோர பாதுகாப்பு போலீஸ் எண் 1093. கரையில் ஆம்புலன்சுக்கு 108. போனை பிளாஸ்டிக் கவரில் போட்டு, அந்த மாற்று துணி மூட்டையோடு சேர்த்து வைத்தால் அதுவும் நனையாது.