அந்திக்காலம் – 9: புகார் சொன்னால் நாளைக்கு யார் ஊட்டிவிடுவது?

பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் முதியவருக்கு யார் மேல் குறையோ, அவர் கையால்தான் அடுத்த வேளைச் சாப்பாடு வர வேண்டும். கழிவறைக்குத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போவதும் அதே கைதான். ஹோட்டலில் சாம்பார் ஊசிப்போயிருந்தால் சத்தம் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடலாம். இங்கே எங்கே போவது? 'எதுக்கு வம்பு' என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். 'எங்க இல்லத்துல புகாரே வராது' என்று ஒரு நிர்வாகி பெருமைப்பட்டால், எனக்கு அங்கேதான் முதல் சந்தேகம் எழும்.

அமெரிக்கா இந்த பயத்தைப் புரிந்துகொள்ளவே பல ஆண்டுகள் ஆயின. முதியவர் சார்பில் புகாரை எடுத்துப் பேச, இல்லத்துக்கு வெளியே ஒருவர் வேண்டும் என்று 1972-ல் சில மாநிலங்களில் சோதனை முயற்சி தொடங்கியது. 'ஆம்புட்ஸ்மன்' என்று அவருக்குப் பெயர். 1978-ல் எல்லா மாநிலங்களிலும் அது கட்டாயமானது. 1985-ல் எல்மா ஹோல்டர் என்ற பெண்மணி நடத்திய அமைப்பு, 15 நகரங்களில் 450-க்கும் மேற்பட்ட இல்லவாசிகளையே நேரில் கேட்டது. மருந்து, கட்டடத்தைவிட, பணியாளர் நம்மிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைத்தான் அவர்கள் முதலில் பேசினார்கள். 1987-ல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டத்துக்கு அந்தக் குரல்களும் ஒரு காரணம்.

2016-ல் வந்த விதிகள் இன்னும் நுணுக்கமானவை. ஒவ்வொரு இல்லத்திலும் புகார்களுக்கென்று ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். வாயால் சொல்லலாம், எழுதியும் தரலாம், பெயர் சொல்லாமலும் தரலாம். என்ன விசாரித்தார்கள், புகார் உண்மையா, என்ன செய்யப்போகிறார்கள் என்ற முடிவை எழுத்தில் பதிய வேண்டும். அந்த ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இல்லவாசிகள் கூடிப் பேசும் மன்றத்துக்குள் அவர்கள் அழைத்தாலொழிய ஊழியர் நுழையக் கூடாது.

காது கேட்கும் கருவி தொலைந்த புகாரை எடுத்துக்கொள்ளுங்கள். 'பாட்டிக்கு மறதி, எங்கயாவது வெச்சிருப்பாங்க' என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அக்கறையுள்ள பொறுப்பாளர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, கட்டிலருகே உட்கார்ந்து, கடைசியாக எப்போது மாட்டியிருந்தீர்கள் என்று கேட்பார். அன்று படுக்கை விரிப்பு மாற்றியது யார் என்று பார்ப்பார். சலவைக்குப் போன துணிக்குள் தேடச் சொல்வார். சாப்பாட்டுத் தட்டில் கசங்கிக் கிடந்த காகிதத்தோடு குப்பைக்குப் போயிருக்குமா என்றும் பார்ப்பார். கிடைக்காவிட்டால் யார் வாங்கித் தருவது என்பதையும் பேசி முடிப்பார். மறதி நோய் உள்ளவர் சொல்லும் புகாரும் புகார்தான். கருவி இல்லாத நாட்களில் அந்தப் பாட்டிக்கு மருந்தின் பெயரும் கேட்காது, மகளின் போனும் கேட்காது.

சட்டம் இருந்தும் அமெரிக்காவில் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் அழைப்பு மணியை அழுத்திவிட்டு நெடுநேரம் காத்துக்கிடப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனாலும், கேட்ட கேள்விக்குப் பதில் தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

அப்பாவையோ அம்மாவையோ இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள், கட்டணத்தைக் கேட்கும்போதே இதையும் கேளுங்கள்: புகாரை யாரிடம் சொல்வது, பதிலை எழுதித் தருவீர்களா? சேர்த்த பிறகு, ஊழியர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவர்களோடு தனியாகப் பேசுங்கள். நம் நாட்டில் முதியோருக்கான இலவச உதவி எண் 14567. அதை அவர்கள் போனிலும் பதிந்து கொடுங்கள்.

(தொடரும்)