‘டோட்டல் லாஸ்’ ஆன கார்... கையெழுத்துப் போடும் முன் இதையெல்லாம் கவனியுங்கள்!

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த மழையை தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர் பகுதி மக்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கரணையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நின்றிருந்த கார்கள் வெள்ளத்தில் காகிதக் கப்பல்போல அடித்துச் செல்லப்பட்ட வீடியோவை ஊரே பார்த்தது. தண்ணீர் வடிந்தபின் தொடங்கியது அடுத்த கவலை. கிரேன் வைத்து சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோன காரைப் பார்த்துவிட்டு, பலரிடம் சொல்லப்பட்ட பதில் ஒன்றுதான்: “இது டோட்டல் லாஸ் சார்!”

மாமல்லபுரம் கடற்கரைக்கும் இந்த பயம் உண்டு. 2022 டிசம்பர் 9-ம் தேதி இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்ததே மாமல்லபுரத்தை ஒட்டித்தான். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை, கடலை ஒட்டி கார் நிறுத்துபவர்களுக்கு உப்புத் தண்ணீர் கூடுதல் எதிரி. வயரிங்கிலும் எலெக்ட்ரானிக் பாகங்களிலும் உப்பு இறங்கிவிட்டால், வெளியே பளபளவென இருக்கும் கார்கூட உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். மழையே இல்லாத நாளிலும் ஜி.எஸ்.டி சாலையிலோ, ஈ.சி.ஆரிலோ ஒரு மோதல் போதும். நேற்றுவரை ஓடிய கார் இன்று ‘தேறாது’ என்ற பட்டியலுக்குப் போய்விடும்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் பெரும்பாலானோர் அதிர்ச்சியில், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆனால், டோட்டல் லாஸ் என்பது மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு அல்ல. அது ஒரு கணக்கு. கணக்கு தெரிந்தால், எது லாபம், எது நஷ்டம் என்று நீங்களே முடிவெடுக்கலாம்.

75 சதவிகிதக் கோடு

எல்லாவற்றுக்கும் அடிப்படை, பாலிசியின் முதல் பக்கத்தில் இருக்கும் ஐ.டி.வி. அதாவது, உங்கள் காருக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனமும் நீங்களும் ஒப்புக்கொண்ட மதிப்பு. பதிவுக் கட்டணம், சாலை வரி எதுவும் இதில் சேராது. அதே மாடல் புது காரின் விலையிலிருந்து வயதுக்கு ஏற்ப தேய்மானத்தைக் கழிப்பார்கள்.

* 6 மாதம் வரை – 5%
* 6 மாதம் முதல் 1 வருடம் வரை – 15%
* 1 முதல் 2 வருடம் – 20%
* 2 முதல் 3 வருடம் – 30%
* 3 முதல் 4 வருடம் – 40%
* 4 முதல் 5 வருடம் – 50%

5 வருடத்துக்கு மேலான கார் என்றால், இரு தரப்பும் பேசி முடிவு செய்வதுதான் ஐ.டி.வி.

காரை மீட்டு வந்து ரிப்பேர் செய்ய ஆகும் செலவு, பாலிசி நிபந்தனைகளின்படி கணக்கிட்டால், ஐ.டி.வி-யில் 75 சதவிகிதத்தைத் தாண்டுகிறதா? தாண்டினால் அது டோட்டல் லாஸ். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சர்வீஸ் சென்டர் போடும் எஸ்டிமேட் வேறு. சர்வேயர் கணக்கிடும் தொகை வேறு. 75 சதவிகிதத்தை முடிவு செய்வது சர்வேயரின் கணக்கு. எனவே, சர்வே ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குவதுதான் முதல் வேலை.

ஐ.டி.வி-யில் பேரம் கிடையாது

“வருடம் பாதி ஓடிவிட்டது. மார்க்கெட்டில் உங்கள் காருக்கு இவ்வளவு விலை இல்லை. கொஞ்சம் குறைத்து செட்டில் பண்ணிக்கலாம்” என்று யாராவது ஆரம்பித்தால், உடனே தலையாட்டத் தேவையில்லை. பாலிசி காலம் முழுவதும் ஐ.டி.வி-யையே மார்க்கெட் விலையாக எடுத்துக்கொள்ள வேண்டும், டோட்டல் லாஸ் கிளெய்மில் அதற்கு மேல் தேய்மானம் கழிக்கக் கூடாது என்பதுதான் மோட்டார் இன்ஷூரன்ஸ் விதி.

உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று இதற்கு நல்ல உதாரணம். ஒரு டாடா சுமோ ரூ.3,54,000 மதிப்புக்கு இன்ஷூரன்ஸ் செய்யப்பட்டிருந்தது. சில மாதங்களில் விபத்தில் சிக்கி நாசமானது. நிறுவனத் தரப்போ, வண்டியின் மதிப்பு கிட்டத்தட்ட அதில் பாதிதான் என்றது. அந்த மதிப்பை ஏற்று பிரீமியம் வாங்கிய நிறுவனம், கிளெய்ம் வரும்போது மதிப்பு குறைவு என்று சொல்ல முடியாது என 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறு தொகை மட்டுமே கழிக்கப்பட்டு, உரிமையாளருக்குப் பணம் கிடைத்தது.

காரைக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா?

இதுதான் குடும்பத்துக்குள் விவாதமாகும் கேள்வி. “முதன்முதலில் வாங்கிய கார், எப்படியாவது சரி செய்துவிடலாம்” என்பார் ஒருவர். “தண்ணீரில் மூழ்கிய வண்டி இனி வேண்டாம்” என்பார் இன்னொருவர். மனசை ஒருபுறம் வைத்துவிட்டு, ஒரு கணக்கைப் பார்ப்போம்.

புது விலை ரூ.8 லட்சம் உள்ள பெட்ரோல் கார், இன்ஜின் 1,500 சி.சி-க்குள். மூன்றரை வயது ஆகிறது. 40% போக ஐ.டி.வி ரூ.4,80,000. இதில் 75% என்றால் ரூ.3,60,000. சர்வேயர் கணக்கிட்ட ரிப்பேர் தொகை ரூ.3,90,000. கோட்டைத் தாண்டிவிட்டதால் டோட்டல் லாஸ். சேதமான காரை அப்படியே வாங்கிக்கொள்ள ஸ்கிராப் வியாபாரி கொடுத்திருக்கும் விலை ரூ.1,20,000 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வழி: காரை ஒப்படைத்துவிடுவது. ஐ.டி.வி-யில் கட்டாயக் கழிவான ரூ.1,000 போக, ரூ.4,79,000 கைக்கு வரும். (1,500 சி.சி-க்கு மேல் என்றால் இந்தக் கழிவு ரூ.2,000.)

இரண்டாவது வழி: காரை நீங்களே வைத்துக்கொள்வது. அப்போது ஸ்கிராப் மதிப்பையும் கழித்துக்கொண்டு ரூ.3,59,000 தருவார்கள். சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட் ரூ.4,30,000 என்றால், கைக்காசு ரூ.71,000 போட்டுத்தான் கார் வெளியே வரும்.

இரண்டாவது வழி மலிவாகத் தெரியலாம். ஆனால், முதல் வழியில் கிடைத்திருக்க வேண்டிய ரூ.4,79,000-ஐயும் இழந்திருக்கிறீர்கள். இரண்டையும் கூட்டினால், வெள்ளத்தில் மூழ்கிய உங்கள் சொந்தக் காரையே ரூ.5,50,000 கொடுத்துத் திரும்ப வாங்கியதாக அர்த்தம். அதே வயதுள்ள, மூழ்காத கார் செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எப்போது வைத்துக்கொள்ளலாம்? ஸ்கிராப் விலை மிகக் குறைவாக இருந்து, சேதம் பெரும்பாலும் வெளி பாகங்களில் இருந்து, நம்பகமான மெக்கானிக் குறைந்த செலவில் செய்து தருவார் என்றால் யோசிக்கலாம். இன்ஜின், ஏர்பேக், வயரிங் மூன்றிலும் சேதம் என்றால், அதிலும் உப்புத் தண்ணீர் பட்டிருந்தால், கொடுத்துவிடுவதே நல்லது.

லோன் இருந்தால்?

ஆர்.சி-யில் வங்கியின் பெயர் இருந்தால், செட்டில்மென்ட் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும். மேலே சொன்ன காருக்கு ரூ.3 லட்சம் கடன் பாக்கி என்றால், உங்களுக்கு மிஞ்சுவது ரூ.1,79,000. கடன் பாக்கி ஐ.டி.வி-யைவிட அதிகம் என்றால், கார் இல்லாமலே மீதிக் கடனைக் கட்ட வேண்டியிருக்கும். எனவே, கிளெய்ம் போட்ட அன்றே வங்கியில் கடன் பாக்கிக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள். பணம் வரும்வரை இ.எம்.ஐ-யை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும்.

மாமல்லபுரத்தில் சுற்றுலாப் பயணிகளை நம்பி கார் ஓட்டுபவர்களுக்கு இழப்பு இன்னும் பெரிது. வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் போகும். சாதாரண மோட்டார் பாலிசி காருக்கான இழப்பீட்டைத்தான் தரும். ஓடாத நாள்களின் வருமானத்தைத் தராது. இவர்களுக்கு ரூபாய்க் கணக்கோடு நாள் கணக்கும் முக்கியம். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கிளெய்ம் பதிவான 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாள்களில் ரிப்போர்ட் தர வேண்டும். அடுத்த 7 நாள்களில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். தாமதமானால், இந்தக் கெடுவைக் குறிப்பிட்டு மெயில் அனுப்புங்கள். போனில் பேசியது கணக்கில் வராது.

‘பம்பர் டு பம்பர்’ காப்பாற்றுமா?

“பம்பர் டு பம்பர் போட்டிருக்கேன், புது கார் விலை வந்துடும்” என்று நினைப்பவர்கள் பலர். அது தவறு. பம்பர் டு பம்பர் எனப்படும் ஜீரோ டெப்ரிசியேஷன், ரிப்பேரின்போது மாற்றும் பாகங்களுக்கு மட்டும்தான். டோட்டல் லாஸில் அதிகபட்சம் ஐ.டி.வி-தான். ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்ற கூடுதல் கவரேஜ் எடுத்திருந்தால்தான், கார் வாங்கிய பில் தொகையைப் பெற வழி உண்டு. பொதுவாக, வாங்கிய முதல் சில வருடங்களுக்குத்தான் இது கிடைக்கும்.

வெள்ளப் பகுதியில் இருப்பவர்களுக்கு ‘இன்ஜின் புரொடெக்‌ஷன்’ முக்கியம். தண்ணீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் உடைந்தால், அது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் அல்ல என்று மறுக்க வாய்ப்பு உண்டு. மூழ்கிய காரில் சாவியைத் திருப்பவே கூடாது. போட்டோ, வீடியோ எடுத்து, கிளெய்ம் பதிவு செய்து, டோயிங் வண்டியில்தான் ஏற்ற வேண்டும். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு, வெள்ளத்தில் போன சொந்தக் காருக்கு ஒரு பைசாவும் வராது.

காரோடு நம்பரும் போக வேண்டும்

பணம் வந்துவிட்டது, கார் போய்விட்டது என்று பலரும் இதோடு விட்டுவிடுகிறார்கள். ஆபத்து இங்கேதான். டோட்டல் லாஸ் ஆன கார்களின் ஆர்.சி-யையும் சேஸிஸ் நம்பரையும் வாங்கி, திருட்டு கார்களுக்குப் பொருத்தி விற்கும் கும்பல்கள் உண்டு. 2020-ல் லக்னோ போலீஸார் இப்படி ஒரு பெரிய கும்பலைப் பிடித்தார்கள். உங்கள் பெயரிலேயே ஆர்.சி இருந்தால், அந்த கார் எங்கோ விபத்து செய்தாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

* ஓட்டவே முடியாத அளவு அழிந்த வாகனம் என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவுப்படி 14 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவித்து, பதிவை ரத்து செய்ய வேண்டும். டி.என் 19 நம்பர் என்றால் செங்கல்பட்டு ஆர்.டி.ஓ அலுவலகம்.
* பதிவை ரத்து செய்யாமல் ஸ்கிராப் வியாபாரிக்கு விற்றால், படிவம் 29, 30 மூலம் பெயர் மாற்றம் முடிந்ததா என்று பார்த்து உறுதி செய்யுங்கள். தேதி போடாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம்.
* சில நேரம் நிறுவனம் தன் பங்கை மட்டும் கொடுத்துவிட்டு, மீதியை ஸ்கிராப் வியாபாரியிடம் வாங்கிக்கொள்ளச் சொல்லும். அப்போது வியாபாரியின் பணம் வங்கிக் கணக்கில் ஏறியபிறகே சாவியைக் கொடுங்கள்.
* ஒப்படைத்த தேதி, நேரத்துடன் ரசீது வாங்குங்கள். ஃபாஸ்டேகை மூடிவிடுங்கள். ஆர்.சி, காப்பீட்டு ஆவணங்களின் நகல்களைப் பத்திரமாக வையுங்கள்.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், டோட்டல் லாஸ் ஆன காரின் உரிமை ஆவணத்திலேயே ‘சால்வேஜ்’ என்று குறித்துவிடுவார்கள். அடுத்து வாங்குபவருக்கு அது தெரிந்துவிடும். நம் ஆர்.சி-யில் அப்படி ஒரு குறிப்பு கிடையாது. எனவே, பெருமழைக்குப் பிறகு சல்லிசாக வரும் செகண்ட் ஹேண்ட் காரை வாங்குபவர்கள், பழைய கிளெய்ம் விவரங்களைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

ஒத்துவரவில்லை என்றால்?

தொகையில் உடன்பாடு இல்லையா? முதலில் நிறுவனத்தின் குறை தீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் தாருங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்தை அணுகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ரூ.50 லட்சம் வரையிலான புகார்களை அவர் விசாரிக்கலாம். நிறுவனத்தின் பதில் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இன்னொரு வழி, செங்கல்பட்டில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே புகார் செய்ய 2 வருடம் அவகாசம். பேச்சுவார்த்தை நடக்கும்போதே ‘முழு மற்றும் இறுதித் தீர்வு’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு வாதாடுவது கஷ்டம்.

ரின்யூவல் நாளில் யோசியுங்கள்

ஆன்லைனில் பாலிசி புதுப்பிக்கும்போது, ஐ.டி.வி-யைக் குறைத்தால் பிரீமியம் கொஞ்சம் குறையும். அந்தச் சின்ன சேமிப்புக்காக 4,80,000-ஐ 4,00,000 ஆக்கினால், டோட்டல் லாஸ் ஆகும் நாளில் ரூ.80,000 நஷ்டம். 75 சதவிகிதக் கோடும் 3,60,000-லிருந்து 3,00,000-க்கு இறங்கிவிடும். சரிசெய்திருக்கக்கூடிய கார்கூட ‘தேறாது’ என்ற பட்டியலுக்குப் போகும்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்திவிட்டுப் போனார்கள் மக்கள். பட்ட அனுபவம் அப்படி. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் காரை மேட்டில் ஏற்றி வைப்பதற்கு எடுக்கும் அக்கறையில் பாதியை பாலிசியிலும் காட்டலாம். முதல் பக்கத்தைத் திறந்து ஐ.டி.வி எவ்வளவு, இன்ஜின் புரொடெக்‌ஷன் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.