முட்டை அட்டை ஒட்டினால் ஸ்டுடியோ ஆகுமா? ஹோம் ரெக்கார்டிங் கற்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

நாமக்கல்லில் முட்டை அட்டைக்குப் பஞ்சமே இல்லை. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தனி மண்டலமாக வைத்து விலை அறிவிக்கும் ஊர் இது. இங்கே ஒருவர் ‘வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் பண்ணப் போறேன்’ என்றால், பக்கத்தில் இருப்பவர் யோசனை சொல்லிவிடுவார்: “சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டிடு, சவுண்ட் ப்ரூஃப் ஆயிடும்.”

ஆகாது. ஏன் ஆகாது என்று புரிந்துவிட்டால் ஹோம் ஸ்டுடியோ பாடத்தில் பாதி முடிந்த மாதிரிதான். மீதிப் பாதி காதுக்கான பயிற்சி. மைக், ஸ்பீக்கர் என்று இஎம்ஐ போட்டு வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சேலத்தில் இருந்தே முடியுமா?

ஒரு காலத்தில் சேலத்திலேயே படம் முழுசாகத் தயாரானது. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில் இருந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அந்த நிறுவனத்தின் தயாரிப்புதான். அன்று ஒலிப்பதிவு என்றால் தனிக் கட்டடமும் பெரிய இயந்திரங்களும் சம்பளத்துக்கு ஆட்களும் வேண்டும். இன்று அங்கே அடையாளமாக நிற்பது நுழைவாயில் வளைவுதான்.

ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்புறத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டுடியோவைத் தொடங்கினார். ‘ரோஜா’ (1992) பாடல்கள் அங்கே உருவானவை. பில்லி ஐலிஷின் 2019 ஆல்பத்தில் பெரும்பகுதி, லாஸ் ஏஞ்சல்ஸில் அவருடைய அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் பதிவானது. 2020 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது அதற்குத்தான் கிடைத்தது. கருவி சிறியதாகிவிட்டது, விலையும் இறங்கிவிட்டது. ஆனால் அறையும் காதும் கடையில் கிடைக்காது.

முட்டை அட்டை ஏன் வேலைக்கு ஆகாது?

சத்தத்தைத் தடுப்பது ஒரு வேலை. உறிஞ்சுவது வேறு வேலை. தடுக்க வேண்டுமானால் எடை வேண்டும், காற்றுப் புகும் சந்துகளை அடைக்க வேண்டும். செங்கல் சுவர் தடுத்துவிடும்; கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளி அதைக் கெடுத்துவிடும். காகிதக் கூழில் செய்த அட்டைக்கு எடையே இல்லை.

உறிஞ்சுவதற்குக் காற்று உள்ளே நுழையக்கூடிய பஞ்சு, நார் போன்ற பொருள் வேண்டும், தடிமனும் வேண்டும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ சுமார் 3.4 மீட்டர். மெல்லிய அட்டையோ ஒரு இன்ச் ஃபோமோ கீச்சென்ற மேல் ஒலிகளை மட்டும் கொஞ்சம் குறைக்கும். கீழ் ஒலிகள் அப்படியே நிற்கும். விளைவு, டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடிய மாதிரி ஒரு குரல். போதாததற்கு, சுவர் முழுக்கக் காய்ந்த அட்டை என்பது தீ விபத்துக்கும் வழி.

10-க்கு 10 அறையில் என்ன சிக்கல்?

நம் வீடுகளில் சாதாரணமாகக் கிடைப்பது 10-க்கு 10 அறை. ஒலிக்கு இதுதான் கஷ்டமான வடிவம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 10 அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 112, 168 ஹெர்ட்ஸும் மாட்டிக்கொண்டு வீங்கும். சதுர அறையில் நான்கு சுவரும் அதே எண்களில் வீங்கும். கூரையும் 10 அடி உயரம் என்றால் மூன்று மடங்கு தொல்லை.

அதனால்தான் பேஸ் கிட்டாரில் ஒரு சுரம் இடிபோல் கேட்கும், அடுத்த சுரம் காணாமல் போகும். அறை செய்யும் குற்றத்தை நம்பி நீங்கள் பேஸைக் குறைப்பீர்கள். அதே பாட்டை சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் நின்று இயர்போனில் கேட்டால் எலும்பும் தோலுமாக இருக்கும்.

சரி, அப்போ என்ன பண்றது?

அறையின் நடுவில் மைக்கை வைக்காதீர்கள். பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்தால் அதுவும் ஒலியை உறிஞ்சும். குமாரபாளையத்தில் பாலத்தைத் தாண்டினால் பவானி. அங்கே கிடைக்கும் கனமான ஜமக்காளத்தை மடித்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டியிருப்பதைவிட அந்த இடைவெளியோடு இன்னும் கீழ் ஒலிகள் வரை உறிஞ்சும். பிறகு கை தட்டிப் பாருங்கள். ‘டிர்ர்’ என்று ஒரு நடுக்கம் திரும்பி வந்தால் இன்னும் வேலை பாக்கி.

தறிச் சத்தத்தை எப்படிச் சமாளிப்பது?

பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிக்குப் பக்கத்து வீடு என்றால் எந்த ஃபோமும் காப்பாற்றாது. நேரம்தான் காப்பாற்றும். பராமரிப்புக்காக மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும் மின்தடை நாள் நமக்கு யோகமான நாள். தறி ஓடாது, பக்கத்து வீட்டு கிரைண்டர் ஓடாது, ஃபேனும் ஓடாது. லேப்டாப் பேட்டரியில் ஓடும். யுஎஸ்பி வழியே மின்சாரம் எடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் ஓடும். வியர்க்கும்தான், ஆனால் டேக் சுத்தமாக இருக்கும்.

எந்த மைக் வாங்கலாம்?

கண்டென்சர் மைக் நுணுக்கமானது. 48 வோல்ட் மின்சாரம் கேட்கும், தெருவில் போகும் லாரியையும் சேர்த்துப் பதிவு செய்யும். சத்தமான ஊருக்கு டைனமிக் மைக்தான் தோது. மேடைகளில் நாம் பார்க்கும் ஷூர் எஸ்எம்58 அந்த வகை; 1966-ல் வந்தது, இன்னும் விற்பனையில் இருக்கிறது.

தூரமும் முக்கியம். வாய்க்கும் மைக்குக்கும் இடையே 2 அடி இருந்ததை அரை அடியாக்கினால், குரல் சுமார் 12 டெசிபல் கூடும். அறைச் சத்தம் கூடாது. இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ‘ப’, ‘க’ வெடிக்காமல் இருக்க மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் போதும்.

லேப்டாப் ஏற்கெனவே இருந்தால் இன்டர்ஃபேஸ், டைனமிக் மைக், காதை மூடும் ஹெட்போன் மூன்றும் சுமார் 25,000 ரூபாய்க்குள் அடங்கும். அறையைச் சரிசெய்யாமல் இதைப்போல் நான்கு மடங்கு செலவழித்தாலும் அதே எக்கோதான், கொஞ்சம் தெளிவாகக் கேட்கும்.

மென்பொருளும் காதும்

ஆடாசிட்டி, பேண்ட்லேப் இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. ஆப்பிள் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் உண்டு. ரீப்பர் 60 நாள் முழு வசதியோடு முயன்று பார்க்கலாம். எதையாவது ஒன்றைப் பிடித்து ஆறு மாதம் மாற்றாமல் இருங்கள்.

பதிவு செய்யும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் இருக்கட்டும். 24 பிட்டில் பதிவு செய்தால் அந்த இடைவெளியால் நஷ்டமில்லை. சிவப்பு எரிந்து உடைந்த குரலை முழுசாக மீட்க முடியாது. மிக்ஸிங்கில் முதல் பாடம், குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டுவது. அங்கே குரல் இருக்காது, உறுமல்தான் இருக்கும். பாட்டைச் சும்மா சத்தமாக்குவதிலும் லாபமில்லை. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடும்.

காதைப் பழக்க ஒரு எளிய பயிற்சி: உங்களுக்குப் பிடித்த ஒரே பாட்டைத் தினமும் போட்டு, முதல் நாள் பேஸை மட்டும், அடுத்த நாள் தாளத்தை மட்டும், அதற்கடுத்த நாள் குரலைச் சுற்றியுள்ள எதிரொலியை மட்டும் கேளுங்கள். பிறகு உங்கள் மிக்ஸையும் அதையும் ஒரே சத்த அளவில் வைத்து மாறி மாறிக் கேளுங்கள். எங்கே இடிக்கிறது என்று தானே தெரியும்.

இங்கே எதைப் பதிவு செய்வது?

1965-ல் மானிடவியலாளர் பிரெண்டா பெக் கொங்குக் கிராமம் ஒன்றில் அண்ணன்மார் சாமி கதையை டேப்பில் பதிவு செய்தார். அது பின்னால் நூலாகவும் வந்தது. உடுக்கை, பம்பை, தவில், பறை என்று சென்னை ஸ்டுடியோவில் எளிதில் கிடைக்காத வாத்தியமும் குரலும் நம் ஊர்ப் பக்கம் இன்னும் இருக்கின்றன. அதில் பலவும் செல்போன் வீடியோவில் இரைச்சலோடு சேர்ந்துதான் மிஞ்சுகிறது.

10-க்கு 10 அறைக்குள் உடுக்கை அடித்தால் காது கிழியும். அதே லேப்டாப்பையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு ராத்திரி ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக் களத்துக்குப் போனால், எதிரொலிக்கச் சுவரே கிடையாது. மைக்குக்கு ஒரு காற்றுத் தடுப்பு உறை போடுங்கள், பாடுகிறவரிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்டு, ஊதியத்தையும் பேசி முடித்துவிடுங்கள். கிணற்று மோட்டார் நிற்கும்வரை காத்திருந்து, பிறகு ரெக்கார்ட் பட்டனை அழுத்துங்கள்.